புல்தரை நாட்குறிப்பு: ஐப்பசி மழையும் மக்கிய உரமும்

அக்டோபர் 8, கோவை

ராத்திரி தூறல். காலையில் குடியிருப்புப் புல்தரையில் வெளிறிய வட்டங்கள், ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவு. பனி காய்வதற்குள் குனிந்து பார்த்தால் வட்டத்தின் மேல் ஒட்டடை போல வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது. வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். அப்புறம் வந்து பார்ப்பவர்கள் "தண்ணி பத்தலைங்க" என்று ஹோஸைத் திறந்துவிடுவார்கள். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன்: குறுக்கே வைக்கோல் நிறத் தழும்பு, அதன் இரு ஓரமும் செம்பழுப்புக் கோடு. டாலர் ஸ்பாட்தான், புல்லில் காசு காசாக வட்டம் விழவைக்கிற பூஞ்சை நோய். பெர்முடா புல்லுக்கு இது புதிதில்லை.

அக்டோபர் 9

எங்கள் குடியிருப்புக் குழுவின் பொருளாளர் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி வாங்கச் சொல்கிறார். அடித்தால் தற்காலிகமாக அடங்கலாம். ஆனால் அந்த வகை மருந்துகளுக்கு டாலர் ஸ்பாட் பூஞ்சை பழகிப்போனதை அமெரிக்க கோல்ஃப் மைதானங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் பிள்ளைகள் வெறுங்காலோடு உருளுகிற இடம் வேறு.

இந்த நோய் பட்டினி கிடக்கிற புல்லைத்தான் முதலில் பிடிக்கும். வெட்டிய புல்லை மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிடுகிறோம், திரும்ப எதுவும் போடுவதில்லை. பிறகு எப்படித் தாங்கும்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எரிக் நெல்சன் 1992-லேயே எழுதியிருக்கிறார்: மக்கிய உரத்தை மணலோடு கலந்து மாதாமாதம் மெல்லிசாகத் தூவினால் டாலர் ஸ்பாட் குறைகிறது. அளவு சதுர மீட்டருக்கு 50 கிராம் போல. எங்கள் 600 சதுர மீட்டருக்கு 30 கிலோ, ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும்.

அக்டோபர் 10

பொள்ளாச்சி நண்பர் போன் செய்தார். "தென்னை நார்த்தூள் ஒரு லோடு சும்மாவே அனுப்பறனுங்க, போட்டு விடுங்க." வேண்டாம் என்றேன். மக்காத நார்த்தூளில் கரிச்சத்து, தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், புல் இன்னும் வெளிறும்.

பின்பக்கத்து மக்கு உரக் குவியலைச் சோதித்தேன். கம்பியைச் செருகி எடுத்தால் சூடு இல்லை, அமோனியா நெடி இல்லை, மழைக்குப் பிந்தைய மண்வாசம் மட்டும். குவியல் 55 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது நோய்க்கிருமிகளோடு நல்ல பூஞ்சைகளும் சாகும். ஆறிய பிறகுதான் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சைகள் திரும்பக் குடியேறும். அவசரப்பட்டுப் பாதி மக்கியதைத் தூவினால் அதிலுள்ள மக்காத நாரைத் தின்று ரைசாக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சை கொழுக்கும். அமெரிக்காவின் ஓஹயோவில் மக்கு உர ஆய்வாளர் ஹாரி ஹோய்டிங்க் வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லிவந்தார். மக்கிய உரத்தை வேகவைத்துக் கிருமி நீக்கிவிட்டால் நோயடக்கும் குணமும் போய்விடும். வேலை செய்வது உரத்தில் இருக்கிற உயிர்கள்.

போன மாதமே டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழலில் மூடிவைத்தது இப்போது கைகொடுக்கிறது.

அக்டோபர் 12

சலித்தோம், ஆற்று மணலோடு கலந்தோம், தூவினோம், தென்னந்துடைப்பத்தால் புல்லுக்குள் இறக்கினோம். தோட்டக்கார அண்ணனுக்குச் சந்தேகம்: "ஏனுங்க சார், இத்தினிக்காண்டு போட்டா என்னாகும்?" அவர் கேட்டது நியாயம்தான். 50 கிராம் மக்கிய உரத்தில் தழைச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. அதனால் வேப்பம் புண்ணாக்கும் சதுர மீட்டருக்கு 60 கிராம் சேர்த்தோம். அதில் தழைச்சத்து ஏறக்குறைய 5 சதவீதம். மெதுவாகக் கரையும், யூரியா மாதிரி ஒரே வாரத்தில் புல்லைத் தளதளவென்று கிளப்பிவிடாது.

சுவரோரம் ஒரு பட்டைக்குப் புண்ணாக்கு மட்டும். பக்கத்துப் பட்டைக்கு ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 19

மழை, மழை, மழை. விட்ட நேரத்தில் அண்ணன் விடியற்காலையில் நீள மூங்கிலைப் புல்மேல் இழுத்துப் பனியைத் தட்டிவிடுகிறார். இலை நனைந்திருக்கும் நேரம் குறைந்தாலே இந்தப் பூஞ்சைக்குப் பாதி வழி அடைபடும். காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் குழுவில் இதற்கு மட்டும் ஏகமனதாக ஒப்புதல்.

நவம்பர் 3

ஒன்றும் போடாத பட்டையில் வட்டங்கள் ஒன்றோடொன்று கூடி வெளிறிய திட்டாகிவிட்டன. உரமும் புண்ணாக்கும் விழுந்த பக்கம் பழைய தழும்புகளை மூடிப் புதுத் தளிர், புது வட்டம் அபூர்வம். புண்ணாக்கு மட்டும் போட்ட பட்டையும் தேறியிருக்கிறது, ஆனால் அங்கங்கே புதுப் புள்ளிகள் தெரிகின்றன. என் கணக்கில் பாதிப் பெருமை சாப்பாட்டுக்கு, மீதி உயிர்களுக்கு. ஒரு சுவரோரத்தை வைத்து இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். குவியலுக்குக் குவியல் குணம் மாறும் என்பதும் இருக்கிறது.

நவம்பர் 7

வேப்பமரத்தடியில் வேறு கதை: முழ அகலத்துக்குப் பழுப்பு வளையம், ஓரம் புகை நிறம். பிரவுன் பேட்ச், அந்த ரைசாக்டோனியாவின் வேலை. தழைச்சத்து அதிகமானால் குஷியாகிற நோய் இது. அங்கே புண்ணாக்கை நிறுத்திவிட்டோம். மக்கிய உரமும் மணலும் மட்டும் போகும், சாயங்காலத் தண்ணீர் கிடையாது, தாழ்ந்த கிளைகளைக் கழித்துக் காற்று விட வேண்டும்.

அடுத்த தூவல் கார்த்திகை பிறந்ததும். பொருளாளர் செலவுக் கணக்கு கேட்டார். மணலுக்கும் புண்ணாக்குக்கும் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.