மழை பெய்தால் மட்டும் ஒழுகும் பாய்லர்

லண்டனில் காம்பி பாய்லர் (குழாய்க்கு வெந்நீரும் ரேடியேட்டருக்குச் சூடும் ஒன்றாகத் தரும் கேஸ் பாய்லர்) அடியில் தண்ணீர் சொட்டினால், வருகிற என்ஜினியர் முதலில் சந்தேகப்படுவது உள்ளே ஓடும் தண்ணீரைத்தான். எங்களுக்கும் அதே கதை. முதல் விசிட்டில் பிரஷர் ரிலீஃப் வால்வு மாறியது, இரண்டாவதில் ஒரு வாஷர். இரண்டு நாளும் நல்ல வெயில், அதனால் ஒழுகல் நின்ற மாதிரி தெரிந்தது. அப்புறம் காற்றோடு மழை அடித்த ராத்திரி ஃபேன் நின்று, பாய்லர் சுவிட்சில் இருக்கும் 3 ஆம்ப் ஃபியூஸும் போய்விட்டது.

பிரஷர் முள்ளைக் கவனித்திருந்தால் அந்த இரண்டு விசிட்டும் மிச்சம். ஹீட்டிங் தண்ணீர் ஒழுகினால் முள் இறங்கிக்கொண்டே வரும். எங்களுடையது வாரக்கணக்கில் 1.3 பாரை விட்டு அசையவே இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் பெரும்பாலும் கறுத்திருக்கும். கிண்ணத்தில் பிடித்ததோ தெளிந்த தண்ணீர், அடியில் கொஞ்சம் செங்கல் தூசி.

மழைதான் என்று தெரிந்ததும், ஃப்ளூ, அதாவது பாய்லரின் புகைக்குழாய், சுவரிலிருந்து உள்ளே வரும் இடத்தில் கிச்சன் டிஷ்யூவைச் சுற்றி ஒட்டி வையுங்கள். அது நனைந்தால், சுவர் ஓட்டையைச் சுற்றிய பூச்சு விட்டிருக்கிறது, சின்ன வேலை. எங்கள் டிஷ்யூ காய்ந்தே கிடந்தது. ஆனால் பாய்லர் அடியில் கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. அப்படியானால் ஃப்ளூவுக்குள்ளேயேதான் வருகிறது.

60/100 ஃப்ளூ என்பது குழாய்க்குள் குழாய், உள்ளே 60 மி.மீ., வெளியே 100 மி.மீ. உள்குழாயில் புகை வெளியே போகும். அது பாய்லர் பக்கமாக மீட்டருக்கு ஏறக்குறைய 50 மி.மீ. சாய்ந்திருக்கும், அதில் நாலு துளி மழை விழுந்தாலும் கண்டென்சேட் ட்ராப் (புகை குளிர்ந்து ஊறும் தண்ணீருக்கான வடிகால்) வழியாக வடிந்துவிடும். சுற்றியுள்ள வளையத்தில் காற்று உள்ளே வரும். அதில் தண்ணீர் புகுந்தால் அந்த வடிகாலுக்குப் போகாது, பெட்டிக்குள் ஃபேன் மேலும் சர்க்யூட் போர்டு மேலும் விழும். எங்கள் ஃப்ளூவைக் கட்டையாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். காற்றுத் துளைகள் செங்கலோடு செங்கலாக இருந்தன. நேர் மேலே, கூரை மழைத் தண்ணீர் ஓடும் கட்டர், பாசி அடைத்துக் கிடந்தது. அது நிரம்பி வழிந்ததெல்லாம் சுவரோடு இறங்கி வளையத்துக்குள் போயிருக்கிறது.

பாய்லர் கம்பெனியில் வாரண்டி கேட்டால், “தயாரிப்புக் கோளாறு இல்லை, பொருத்தியதில் கோளாறு” என்றார்கள். மேனுவலின் கடைசியில் இருக்கும் பெஞ்ச்மார்க் பக்கத்தையும் (பாய்லரைப் பொருத்தியவர் நிரப்ப வேண்டிய பதிவு) கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் வெற்றுத்தாள்! புது பாய்லர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்காமல் ஆளை அனுப்பாதீர்கள். 240 பவுண்ட் கைக்காசு போனது.

புது ஃப்ளூவும் எல்போவின் (ஃப்ளூ வளையும் முழங்கைத் துண்டு) ரப்பர் சீலும் போட ஒரு மணி நேரம். பழைய சீல் ஒரு பக்கம் மடங்கி நசுங்கியிருந்தது. அப்படி இருந்தால் புகை காற்று வளையத்தில் கலக்கவும் வழி உண்டு. அதனால் வேலை முடிந்ததும் காற்றுப் பக்கத் துளையில் அனலைசர் (புகை அளக்கும் கருவி) வைத்து ஆக்ஸிஜன் அளக்கச் சொல்லுங்கள். 20.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு 20.9 காட்டியது.

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க என்று ஃப்ளூ வாயில் பிளாஸ்டிக் கட்டவோ, துளைகளில் சிலிகான் அடிக்கவோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். பெட்டியைத் திறப்பது கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலைக்காரர் பதிவேடு) ஆள் மட்டும்தான். அவருடைய கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும்.

கட்டரில் இருந்த பாசியை எடுக்க ஆனது கால் மணி நேரம்.