ஆலை வாசலிலேயே புது வண்டி

ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் புது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் எடுத்திருக்கிறான். ஷோரூமில் இல்லை, வோல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் ஆலையை ஒட்டியே இருக்கும் ஆட்டோஸ்டாட் என்ற டெலிவரி மையத்தில். அங்கே இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் 400 வண்டி நிற்கும். ஆலையிலிருந்து சுரங்கப்பாதை வழியாக வரும் வண்டியைத் தானியங்கி லிஃப்ட் தூக்கி, மாடி மாடியாக அடுக்கிவிடும். நம் முறை வந்ததும் அதுவே இறக்கித் தரும். நம்ம ஊர் டெலிவரியில் ரிப்பன், கேக், கையில் பிடித்துப் போஸ் கொடுக்க ஒரு ராட்சத அட்டைச் சாவி. அந்த அட்டைச் சாவியை யார் கண்டுபிடித்தார்களோ!

"அங்கேயே வாங்கி இங்கே கொண்டு வந்துடலாமே" என்று ரெண்டு பேர் கேட்டாச்சு. அது இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. இங்கே இறக்குமதி செய்யும் புது வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தாக வேண்டும். அப்புறம் சுங்க வரி இருக்கிறது, அதைக் கேட்டால் ஆசையே போய்விடும். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் 2007 முதல் பாகங்களைப் பூட்டி பிஎம்டபிள்யூ கார் தயாரிக்கிறார்கள். வாங்க வசதி உள்ளவர்கள் அங்கே போய் வேடிக்கையாவது பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

அத்தைக்குக் கோபுரம், லிஃப்ட் எதுவும் காதில் ஏறவில்லை. வீடியோ காலில் முதல் கேள்வியே, "டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சியாடா?" வைத்தானாம், நாலும். இருந்தாலும் அத்தைக்குத் திருப்தி இல்லை. அடுத்த லீவுக்கு வரும்போது சாவியையாவது எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், சென்னைப் பல்லவன் சாலையில் புது வண்டிக்குப் பூஜை போடும் பாடிகாட் முனீஸ்வரனிடம் வைத்து எடுக்க.