ரெண்டுக்கும் ஒரே ஸ்டேஷன்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு ரெண்டு எடத்துல அப்ளை பண்ணிருந்தேன், ஒண்ணு விஐடி, இன்னொண்ணு திருவள்ளுவர் யூனிவர்சிட்டி. ரெண்டும் காட்பாடி பக்கம் தான், குடியாத்தத்துல ரயில் ஏறுனா எறங்குற ஸ்டேஷன் கூட ஒண்ணு தான். ஒரே ஊர்ல ரெண்டு, இதுல யோசிக்க இன்னா கீதுன்னு நெனச்சேன். ஒரு மாசம் தூக்கம் போச்சு.

பெரியப்பாவுக்கு ரெண்டுமே புடிக்கல. விஐடி அவருக்கு இன்னும் 1984ல ஆரம்பிச்ச வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் தான், "இன்ஜினியரிங் காலேஜ்ல போய் கெமிஸ்ட்ரி இன்னாத்துக்குடி"ன்றார். சரி சேர்க்காட்டுல இருக்கிற திருவள்ளுவர் யூனிவர்சிட்டிக்கே போறேன்னா, அது 2002ல வந்தது, நாங்க படிச்சப்ப எல்லாம் மெட்ராஸ் யூனிவர்சிட்டின்னு பீரோவத் தொறந்து அவரோட டிகிரி சர்டிபிகேட்ட எடுத்துட்டு வந்து காட்டுறார். லேமினேஷன் போட்டு வச்சிருக்கார்.

விஐடில எனக்கு ஆசையே அந்த எஃப்எஃப்சிஎஸ் மேல தான். எந்த பேப்பர், எந்த வாத்தியார், எந்த நேரம்னு நாமளே எடுத்துக்கலாமாம். எங்க காலேஜ்ல டைம் டேபிள நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டா அது தான் வேதம், அப்படி இருந்துட்டு இதக் கேட்டதும் கிறுகிறுன்னு ஆச்சு. அங்க படிக்கிற அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, ரெஜிஸ்ட்ரேஷன் தொறக்கிற நிமிஷம் ஹாஸ்டலே லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்குமாம், நல்ல வாத்தியார் ஸ்லாட் கண்ணு முன்னாடியே ஃபுல் ஆயிடுமாம்.

ஆனா ஃபீஸ் பல மடங்கு. நைனா தறி, அம்மா பீடி சுத்துது. பேங்க்ல கேட்டா 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு சொத்து ஜாமீன் வேணாம்னாங்க. வீட்டுக்கு வந்து சொன்னேன், அம்மா தட்ட கீழ வச்சிட்டு, "ஜாமீன் வேணாம்னா திருப்பிக் கட்ட வேணாம்னு அர்த்தமா"ன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல நான் பேசல. விஐடியோட ஸ்டார்ஸ் திட்டத்துல படிப்பு ஃப்ரீயாமேன்னு அண்ணன் ஆரம்பிச்சான், அது கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு, மாவட்டத்துக்கு டாப்பரா வர்ற ஒரு பையன் ஒரு பொண்ணு, டிகிரி முடிச்ச எனக்கில்ல. அதுவுமில்லாம நான் எங்க தெருவுலயே டாப்பர் கெடையாது.

இதுல தேதி வேற. பிரைவேட்ல பணம் கட்டச் சொல்றது முன்னாடி வந்துரும், கவர்மென்ட் பக்கம் லிஸ்ட் மெதுவா தான் வரும், கட்டிட்டு வேணாம்னா பணம் போயிடுமோன்னு ஒரே பயம். 2024ல யூனிவர்சிட்டிங்களுக்கு விதி போடுற யூஜிசி, செப்டம்பர் 30க்குள்ள விலகுனா முழு ஃபீஸும் திருப்பித் தரணும், அக்டோபர் 31 வரைக்கும்னா 1,000 ரூபாய்க்கு மேல புடிக்கக் கூடாதுன்னு சொல்லிருந்துச்சு. இந்த மாதிரி எடத்துல நிக்கிறவங்க அந்த வருஷத்து தேதிய மொதல்ல பாத்துக்கோங்க. இருந்தாலும் கைல இல்லாத பணம் திரும்பி வரும்னு சொல்லி கடன் வாங்குறது எனக்கு ஒத்து வரல.

கடைசில மனச மாத்துனது எங்க காலேஜ் மேடம். உனக்கு இன்னாடி பயம்னு கேட்டாங்க. பெரிய மெஷின் எல்லாம் அங்க தானே மேடம் இருக்குன்னேன். சிரிச்சாங்க. விஐடில இருக்கிற என்எம்ஆர்ல, அதான் மூலக்கூறு அமைப்பு பாக்குற மெஷின், அதுல வெளி காலேஜ் சாம்பிளும் காசு கட்டுனா ஓட்டித் தருவாங்க, சாம்பிள் தானே போகணும், நீ எதுக்கு போகணும்னாங்க. அப்பால காலேஜ் வாத்தியார் ஆகுறதுக்கு எழுதுற நெட் எக்ஸாமுக்கும் எம்.எஸ்சி.ல மார்க் தான் பாக்குறாங்க, பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம், எங்கள மாதிரி இட ஒதுக்கீட்டுல வர்றவங்களுக்கு 50, எந்த யூனிவர்சிட்டின்னு தனியா கட் ஆஃப் எல்லாம் இல்ல.

சேர்க்காட்டுல சேர்ந்துட்டேன். எஃப்எஃப்சிஎஸ் மட்டும் இன்னும் மனசுல கீது, பொய் சொல்ல மாட்டேன்.

மொத நாள் காட்பாடில எறங்குனதும் பேக்க பாத்துட்டு ஆட்டோ அண்ணன் "விஐடியாம்மா"ன்னு ஓடி வந்தார். இல்லண்ணா, சேர்க்காடுன்னேன். "அய்ய, அப்ப பஸ்ல போயிரும்மா, அவ்ளோ தூரத்துக்கு உனக்கு கட்டாது"ன்னு சொல்லி அவரே பஸ் நிக்கிற எடத்தையும் காட்டிட்டு போயிட்டார்.