பூட்லோடரைப் பூட்டப் போய் சிவப்பில் நின்ற கதை

எட்டு மாதமாக, ஆண்ட்ராய்டு போனை ஆன் செய்யும்போதெல்லாம் ஆரஞ்சு எச்சரிக்கை. கஸ்டம் ஓ.எஸ். (தயாரிப்பாளர் தந்ததற்குப் பதிலாக வேறு குழு உருவாக்கிய இயங்குதளம்) போட்ட கையோடு, போன் ஆன் ஆகும்போது ஓ.எஸ்.ஸைச் சரிபார்த்து ஏற்றும் நிரலான பூட்லோடரைத் திறந்தபடியே விட்டிருந்தேன். டேட்டாதான் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதே என்று ஒரு சமாதானம். ஆனால் பூட்லோடர் திறந்த போன் கொஞ்ச நேரம் அடுத்தவர் கையில் சிக்கினால் போதும், பூட் இமேஜை, அதாவது ஓ.எஸ்.ஸைத் தொடங்கிவைக்கும் கோப்பை, மாற்றி வைத்துவிடலாம். அப்புறம் நானே பின் நம்பரைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவேன். சரி, பூட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் கேபிளுக்குப் போனது. கணினி போனைப் பார்க்கவே இல்லை. யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகியதும் வந்துவிட்டது. ஓ.எஸ். அசல்தானா என்று பூட்லோடர் சரிபார்க்க ஓ.எஸ். குழு வெளியிட்டிருந்த சாவிக் கோப்பை ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஏற்றினேன், பூட்டும் கட்டளையைக் கொடுத்தேன், வால்யூம் பட்டனில் உறுதிசெய்தேன். பூட்டினால் டேட்டா மொத்தமும் அழியும் என்பது தெரிந்ததுதான்.

ரீபூட் ஆனது. சிவப்புத் திரை. சாதனம் பழுதாகியிருக்கிறது, இயங்காது என்றது.

காரணம் முழுக்க என் மறதி. எப்போதோ ரூட் செய்ய (போனின் முழு அதிகாரத்தையும் பெற) போட்ட, மாற்றப்பட்ட பூட் இமேஜ் அப்படியே இருந்திருக்கிறது. பூட்லோடர் திறந்திருந்தவரை அதை யாரும் கேட்கவில்லை. பூட்டியதும், ஓ.எஸ். குழுவின் டிஜிட்டல் கையெழுத்தோடு ஒத்துப்போகாத இமேஜை ஏற்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அது அதன் வேலையைத்தான் செய்தது; எனக்குத்தான் வியர்த்தது.

மறுபடி அன்லாக் செய்ய முடியுமா என்று ஃபாஸ்ட்பூட்டில் கேட்டுப் பார்த்தேன். 0 வந்திருந்தால் கதை முடிந்தது. 1 வந்தது! பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓ.இ.எம். அன்லாக்கிங் அமைப்பை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அணைக்க மறந்திருந்தேன். ஒரு மறதி கவிழ்த்தது, இன்னொன்று தூக்கிவிட்டது.

திறந்து, எல்லா இமேஜையும் முதலிலிருந்து ஏற்றி, பழைய சாவியை அழித்துப் புதிதாகப் போட்டு, மறுபடி பூட்டினேன். இந்த முறை மஞ்சள் திரை. வேறு ஓ.எஸ். என்று சொல்லிக்கொண்டே சாவியின் கைரேகை எண்ணையும் (எந்தச் சாவி என்று அடையாளம் காட்டும் எண்) காட்டும். அதை ஓ.எஸ். குழு வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். மஞ்சள் வந்துவிட்டதே என்று விட்டால் பூட்டியதில் பாதிப் பயன் போய்விடும்.

எல்லாப் போனிலும் இதை முயல வேண்டாம். வெளியார் சாவியை ஏற்கும் பூட்லோடர் இருந்தால்தான் ஆகும். தயாரிப்பாளரின் சாவியை மட்டும் நம்பும் போனில் கஸ்டம் ஓ.எஸ்.ஸோடு பூட்டினால் நேரே சிவப்புத்தான். பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ரோல்பேக் பாதுகாப்பு இருப்பதால் பழைய பதிப்பை ஏற்றிவிட்டுப் பூட்டுவதும் ஆபத்து.

படங்களுக்கு பேக்கப் இருந்தது. இருபடிச் சரிபார்ப்பு ஆப் நினைவிலேயே இல்லை. அதன் மீட்புக் குறியீடுகளை எங்கே வைத்திருந்தேன் என்கிறீர்கள்? அதே போனின் நோட்ஸில். மூன்று கணக்குகளை மீட்க நான்கு நாள் ஆனது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பேங்க் ஆப் திறக்க மறுக்கிறது. அதற்கு மஞ்சளும் ஆகாதாம்.

ஓ.இ.எம். அன்லாக்கிங்கை இந்த முறை மறக்காமல் அணைத்தேன், மூன்று தடவை ரீபூட் செய்து மஞ்சளைப் பார்த்த பிறகு.