அழுக்கைத் தேடாமல் கைகளைக் கவனித்தேன்

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கெட்டுப்போன உணவால் வரும் வயிற்றுப்போக்கை இளையவர்கள் பெரும்பாலும் தாங்கிவிடுவார்கள். வயதானவர்களுக்கோ உடலில் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து விதிகளைப் படித்துவிட்டே உள்ளே போனேன்: சுத்தம், பச்சை உணவையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், நன்றாக வேகவைத்தல், சரியான வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரும் பொருள்களும்.

தரை பளிச்சென்றிருந்தது. பாத்திரங்களிலும் குறை இல்லை. எனவே இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒருவருடைய கைகளை மட்டும் கவனிக்கத் தொடங்கினேன். கோழி இறைச்சியை வெட்டிய கைகள் குழாயைத் திறந்தன, சோப்புப் போட்டுக் கழுவின, அதே குழாயை மூடின. பிறகு இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் நறுக்கப் போயின. கழுவிய பலன் குழாயின் பிடியிலேயே போய்விட்டது. கறியாவது அடுப்பில் வேகும்; வெள்ளரிக்காயில் ஒட்டியது நேராகத் தட்டுக்குப் போகும். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசும் பழக்கமும் இருந்தது. தெறிக்கும் துளிகள் பக்கத்தில் உலரும் தட்டுகள் வரை கிருமியைக் கொண்டு செல்கின்றன. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். அலசுவதால் அவை போவதில்லை.

அடுத்து உணவு வெப்பமானி வாங்கினேன். பனிக்கட்டி நீரில் 0 டிகிரி காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே பயன்படுத்தினேன். மதியம் சமைத்து, இரவுக்கென்று மூடி வைத்த பெரிய பாத்திரம்தான் என்னை மிகவும் கலங்க வைத்தது. பல மணி நேரத்துக்குப் பிறகும் அதன் நடுப்பகுதி 40 டிகிரிக்கு மேல் இருந்தது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகள் பெருக ஏற்றது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் நுண்வித்துகள் (கடும் சூழலைத் தாங்க அது எடுக்கும் உறங்குநிலை வடிவம்) கொதிநிலையையும் தாங்கி நின்று, ஆறும் உணவில் மளமளவென்று பெருகும். அந்த உணவில் கெட்ட வாடையோ புளிப்போ இல்லை. மூக்கை நம்பியிருந்தால் அப்படியே பரிமாறியிருப்போம்.

“மறுபடியும் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடுமே, அம்மா?” என்று கேட்டார் தலைமைச் சமையல்காரர். நியாயமான கேள்வி. பெருகிய கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சாகாது என்றேன். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நஞ்சும், கையில் உள்ள புண்ணிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அவர் யோசித்தார். பிறகு, “அப்படியானால் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆறவைக்கலாம்” என்று அவரே சொன்னார். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் என்பது எங்கள் கணக்கு. பாத்திரத்தை எப்போது இறக்கினோம் என்று எழுதி ஒட்டுகிறோம். அந்தச் சீட்டு இல்லாத உணவு பந்திக்குப் போவதில்லை.

குளிர்பதனப் பெட்டியில் அதிக வேலை இல்லை. பச்சை இறைச்சியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது ஆட்கள் தொடர்பான விஷயம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தவர் அது நின்று 48 மணி நேரம் கழியும்வரை உணவைத் தொடக்கூடாது. ஆனால் அன்றைய கூலி போய்விடும் என்று பயந்தவர் நோயை எப்படிச் சொல்வார்? இதை நிர்வாகத்திடம் வாதாடினேன். அந்த நாள்களுக்கு முழு ஊதியம் தர ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகுதான், “இன்று எனக்கு உடம்பு சரியில்லை” என்று காலையிலேயே வந்து சொல்லத் தொடங்கினார்கள்.