கடை கைமாறும், கழகம் கைமாறாது

இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு மூலைக்கடையின் காசு வாங்கும் டில்லில் கொஞ்சக் காலம் நின்றால், உதைபந்தாட்டம் தெரியாதவனுக்கும் மைக் ஆஷ்லி யார் என்று தெரிந்துவிடும்: ஊரின் உதைபந்தாட்டக் கழகமான நியூகாசில் யுனைடெட்டின் அப்போதைய முதலாளி. பாலும் பாணும் வாங்க வருகிறவர்கள் மிச்சக் காசை எண்ணிக்கொண்டே அவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். கழகத்தின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் அரங்கம் நகரத்தின் நடுவிலேயே ஒரு மேட்டில் நிற்கிறது. எங்கள் கடை அதற்கு மேற்கே, நடந்து போகும் தூரத்தில். கிரிக்கெட்டோடு வளர்ந்த எனக்கு அவர்களுடைய ஆட்டம் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. வியாபாரக் கதை பிடிபட்டது. அங்கே வருடக்கணக்காக நடந்ததும் வியாபாரக் கதைதான். கழகத்தை எப்போது விற்பார்கள்?

விளையாட்டுப் பொருள் கடைகளால் பணக்காரரான ஆஷ்லி, 2007 இல் சுமார் 13.4 கோடிப் பவுணுக்கு நியூகாசில் யுனைடெட்டை வாங்கினார். அடுத்த வருடம், ஊரே கும்பிட்ட கெவின் கீகன் முகாமையாளர் வேலையை விட்டுப் போக, சனம் கொதித்தது. சரி, விற்கிறேன் என்றார். மூன்று மாதத்தில் விற்கவில்லை என்றார். 2009 இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, மறுபடி விற்பனை, மறுபடி வாபஸ். 2011 இல் அரங்கத்துக்கே தன் கடையின் பெயரை வைத்துப் பார்த்தார். 2016 இல் இன்னொரு இறக்கம். நான் வரும் முன் நடந்தவற்றையும் தேதியோடு சொல்லக்கூடியவனாகிவிட்டேன், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

2017 ஒக்ரோபரில் முறைப்படி விற்பனைக்கு விட்டார்கள். கிறிஸ்மஸுக்குள் முடியும் என்று பேச்சு. அமண்டா ஸ்டேவ்லி என்ற பெண்மணி வாங்க வந்தார், 2018 ஜனவரியில் அது முறிந்தது. 2019 மே மாதம் வளைகுடாவிலிருந்து ஒரு ஷேக், விலை பேசி முடித்தாயிற்று என்று அறிவித்தார். அதுவும் காற்றோடு போனது. அந்தக் கோடையில் பயிற்சியாளர் ரஃபா பெனிட்டெஸும் போய்விட, பலர் சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டார்கள். வெறும் இருக்கைகளை நிரப்பக் கழகம் 10,000 அரைச் சீசன் டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. "சும்மா குடுத்தாலும் வேண்டாம் எண்டு நிக்கிறாங்கள், இது என்ன வியாபாரம்?" என்று என் முதலாளி அண்ணை தலையைச் சொறிந்தார். அவருக்கு ஆட்டத்தில் என்னைவிட அக்கறை குறைவு.

அந்த நேரம் எங்கள் கடையும் விற்பனைக்குத்தான் இருந்தது. இங்கே தமிழர்களின் கடை கைமாறுவதில் ஒளிவுமறைவு நிறைய. "தம்பி, கையெழுத்து விழும்வரைக்கும் ஒருத்தருக்கும் வாயத் திறக்காதை" என்பார் அண்ணை. வாடிக்கையாளர் அறிந்தால் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள், சாமான் தருகிறவன் அறிந்தால் கடன் தரமாட்டான். கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும், இரண்டு பக்கமும் சொலிசிட்டர் வேண்டும். கடைசி இரவு தட்டுத் தட்டாக ஸ்டொக் எண்ணி விலை போட வேண்டும். மதுபான லைசென்ஸைப் பெயர் மாற்ற கவுன்சிலுக்கு ஒரு படிவம், பொலிசுக்கு ஒரு பிரதி. பொலிஸ் ஆட்சேபிப்பதென்றால் 14 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை முடிந்தது. இதனால்தான், 2020 ஏப்ரலில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் 80 விழுக்காடு எடுக்க, ஸ்டேவ்லி 10, கோடீஸ்வரர்களான ரூபன் சகோதரர்கள் சேர்ந்து 10 எடுக்க, 30 கோடிப் பவுணுக்கு எல்லாம் சரி, இங்கிலாந்தின் உச்சப் பிரிவை நடத்தும் பிரீமியர் லீக்கின் அனுமதி மட்டும் பாக்கி என்று செய்தி வந்தபோது, இரண்டு மூன்று கிழமையில் முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

கொரோனாவின் முதல் முடக்கம் அது. எங்களைப் போன்ற கடைகள் திறந்திருந்தன. டில்லுக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு, தரையில் இரண்டு மீற்றருக்கொரு கோடு. ஆட்டமே நின்றுபோயிருந்த நேரத்தில் இந்த ஒரு செய்திதான் அவர்களுக்கு இருந்தது. செய்தி வந்ததும் கேன் பியர் வாங்கிக் குளிரவைப்பதே நகரத்தில் ஒரு பகிடியாகிவிட்டது. பழைய கப்பல் தளத் தொழிலாளி ஒருவர், எங்கள் வழமையான ஆள், 24 கேன் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தடுப்புக்குக் கீழால் தள்ளினார். அறிவிப்பு வரும்வரை உடைக்கமாட்டாராம். போகிற போக்கில், இதன் திகதி எதுவரைக்கும் என்று கேட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த வருட மார்ச். தாராளமாகக் காணும் என்றேன்.

மே போனது, ஜூன் போனது. ஆட்டங்கள் மூடிய கதவுக்குள் தொடங்கின. ஆம் என்றும் பதிலில்லை, இல்லை என்றும் பதிலில்லை. தோற்றால் திட்ட ஓர் ஆள் இருப்பார். இங்கே யாரைத் திட்டுவது? விற்கிறவர் பேசவில்லை, வாங்குகிறவர் பேசவில்லை, நடுவில் நிற்கிற லீக் இரகசியம் காக்க வேண்டும் என்றது. அரங்கத்தில் கூடிச் சத்தம் போடவும் வழியில்லை, கதவே பூட்டு. காலையில் பத்திரிகை எடுக்க வருகிறவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கடைக்குள் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மடித்து, காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். என்னிடம் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் விளங்கியது, சிக்கல் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல்தான். கடை ஒருத்தரின் பெயரில், காசு இன்னொருத்தரின் கையில். நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். அப்படியென்றால் உண்மையான முதலாளி சவூதி அரசு இல்லையா, அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டாமா என்று லீக் கேட்டது. நிதியம் வேறு, அரசு வேறு என்றது மற்றப் பக்கம். இதற்கு அடியில் ஒளிபரப்புக் காசும் இருந்தது. லீக்குக்குப் பணம் கட்டி வளைகுடாவில் ஆட்டங்களைக் காட்டிய கட்டாரின் பீஇன் நிறுவனத்தைச் சவூதி தடுத்திருந்தது. அதன் ஒளிபரப்பைத் திருடிக் காட்டிய அலைவரிசை ஒன்றும் சவூதியில் ஓடியது. ஜூலை 30 ஆம் திகதி, காத்திருந்து பயனில்லை என்று வாங்க வந்தவர்கள் விலகினார்கள். அந்த 24 கேனும் அன்றிரவே முடிந்ததாகக் கப்பல் தளத்துக்காரர் மறுநாள் சொன்னார். வேறு பெட்டி வாங்கவில்லை.

சவூதி அரசை விமர்சித்த பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி சவூதி ஆட்களால் கொல்லப்பட்டு அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவரை மணக்கவிருந்த ஹாதிஜே செங்கிஸ் இந்த விற்பனையை அனுமதிக்க வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டார், மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியும் எதிர்த்தது. கடையில் இந்தக் கதை வந்தால் சத்தம் குறையும். ரசிகர் சங்கத்தின் வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குபவர்களை ஆதரித்தார்கள். வாசலில் நின்று ஒருத்தி மட்டும், தகப்பனோடு போகத் தொடங்கிய அரங்கத்துக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். மற்றவர்கள் சொன்னது: ஆஷ்லி வாங்கும்போது எங்களிடம் கேட்டார்களா, இப்போது மட்டும் ஏன் மனச்சாட்சியை எங்களிடம் கேட்கிறார்கள்? அதில் நியாயம் பாதிதான் என்று எனக்குப் பட்டது. விற்பனையில் அவர்களுக்கு வாக்கில்லை என்பது உண்மை. ஆனால் சவூதியின் பச்சைக் கொடியைக் கையில் எடுத்தது அவர்கள்தான். ஓர் அரசே மனிதர்களைக் கொல்வதென்றால் என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான். இதையெல்லாம் டில்லில் நின்று சொல்ல முடியாது. மிச்சக் காசைக் கொடுத்தேன்.

இதற்குள் எங்கள் கடை கைமாறிவிட்டது. புது முதலாளி என்னை அப்படியே வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: காலைப் பத்திரிகை தொடர்ந்து வருமா? வரும் என்றோம், முடிந்தது.

கழகம் வழக்குமன்றம், நடுவர் விசாரணை என்று இன்னொரு வருடம் இழுபட்டது. 2021 ஒக்ரோபர் 6 ஆம் திகதி பீஇன் மீதான தடையைச் சவூதி நீக்குகிறது என்று செய்தி. மறுநாள் மாலையே விற்பனை முடிந்துவிட்டது. கழகத்தைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி கிடைத்ததாம். ஒன்றரை வருடம் முடியாதது ஒரே நாளில் எப்படி முடிந்தது என்று கேட்கத்தான் தோன்றியது, அன்றைக்குக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. குளிர்பெட்டியில் பியர் வெறுமையாகி, பின்னறையிலிருந்து குளிராத பெட்டிகளையே கொண்டுவந்து அடுக்கினேன். அவையும் போயின. தெருவில் கார் ஹோன்கள் ஓயவில்லை.

கப்பல் தளத்துக்காரர் அன்று வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பால் வாங்க வந்தார். சந்தோஷமா என்று கேட்டேன். ஆஷ்லி போனது சந்தோஷம் என்றார். அந்த மாதம் அணி அடிமட்டத்தில் கிடந்தது, ஒரு வெற்றிகூட இல்லை. பிறகு பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸை எப்போது அனுப்புவார்கள் என்று தொடங்கினார், பின்னால் வரிசை நீண்டது.