ஓரியூர் செம்மண்ணில் ஒரு தவக்கால வெள்ளி

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் முடிவெடுத்தேன். பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரை டீ கிடையாது, அந்தக் காசு வீட்டு உண்டியலுக்கு, இரவில் 53 மணி ஜெபமாலை.

இரண்டாம் வாரம் அலுவலகத்தில் ஒருவர் நீட்டிய டீயை வாங்கிக் குடித்துவிட்டேன். சரி, ஒரு டீதானே. ஆனால் ‘விரதம்தான் முறிந்துவிட்டதே’ என்று ஜெபமாலையையும் விட்டேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. அம்மா எதுவும் கேட்கவில்லை. “வெள்ளிக்கிழமை ஓரியூர் போயிட்டு வருவோமாப்பா?” என்றார்.

திருவாடானை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. போர்த்துக்கல்லிலிருந்து வந்து வேதசாட்சியாக இறந்த குரு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சிந்திய இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் அந்தச் செம்மண்ணில் செருப்பில்லாமல் நின்றோம். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அவரை இங்கே வெட்டினார்கள். அந்த வருடத்துத் திருநீற்றுப் புதனும் அன்றுதான். நாம் தவக்காலம் தொடங்கும் நாளில் அவர் தன் ஓட்டத்தை முடித்திருக்கிறார்.

லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை அவர். நம் மண்ணுக்கு வந்து காவி உடுத்தி, புலால் தொடாமல், பண்டாரசாமியாக, அதாவது நம்மூர்த் துறவியைப் போல வாழ்ந்தார். இடையில் போர்த்துக்கல் திரும்ப நேர்ந்தபோதும், முடிந்தவரை இந்த வாழ்க்கைமுறையை விடவில்லை. என்னை நிறுத்திவைத்தது இதுதான். அங்கே அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்க மறவ நாட்டு (இந்த இராமநாதபுரச் சீமை) ஜனங்கள் யாரும் இல்லை. அரசரே உடன் வைத்துக்கொள்ள விரும்பினார். அவரோ மறுபடி கப்பலேறி இங்கேயே வந்தார், முன்பு சித்திரவதை பட்ட அதே சீமைக்கு.

பிறகு, இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதை. 14 நிலைகளும் சிறுவயதிலிருந்து பழகியவைதான். ஒன்பதாம் நிலையில், ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில், முழங்காலிட்டவன் சீக்கிரம் எழவில்லை. அம்மா எனக்காகக் காத்திருந்து அடுத்த நிலைக்கு நடந்தார்.

கிளம்பும்போது கொஞ்சம் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ் ஏறுமுன் டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தோம்.

அன்றிரவு ஜெபமாலையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க தேவ இரகசியங்கள். முதல் மணியைத் தொட்டதும் பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரலும் சேர்ந்துகொண்டது.